படகில் நாலாவது ஆள்

வெள்ளத்தைப் படமெடுக்கும் தொழிலில் தண்ணீர் இடுப்புக்கு வந்தால் காமிராவைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கழுத்துக்கு வந்தால் என்ன செய்வது என்று இதுவரை யாரும் சொல்லித்தரவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் மழையை நம்பிப் பிழைத்திருக்கலாம். குடை விற்றிருக்கலாம், கூரை வேய்ந்திருக்கலாம், எங்கேயோ ஊர் மூழ்கியது என்று கேட்டதும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அப்படிப்பட்ட சக துன்பவாசிகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வியட்நாம் இரண்டாகப் பிரிந்து, தெற்குப் பாதிக்குச் சைகோன் தலைநகராக இருந்த காலத்தில், அங்கே ஒரு வாரப் படப் பத்திரிகையில் புயல், வெள்ளம், தீ ஆகிய மூன்றுக்கும் நான்தான் பொறுப்பு. உண்டாக்குவதற்கு அல்ல, படமெடுப்பதற்கு.

இன்சூரன்ஸில் தண்ணீர் உண்டு

என் அப்பா காரைக்காலிலிருந்து வந்து சைகோன் துறைமுகச் சுங்கத்தில் கிளார்க்காக இருந்தவர். மகனும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பாதிப்பான் என்று நம்பியிருந்தார். நான் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் அலுவலகம் பென் தான் என்கிற பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. படங்களுக்குப் பொறுப்பானவர் ஓங் லோக். 'ஓங்' என்பது நம்முடைய 'ஐயா' மாதிரி. பாரிஸில் படித்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. யாரையும் சத்தம் போட்டுத் திட்ட மாட்டார். திட்டித் தொலைத்தாலாவது தேவலையே என்று நாங்கள் நினைப்போம்.

நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காமிரா வைத்திருந்தவர்கள் எல்லாரும் யுத்தத்துக்குப் போனார்கள், என்னைத் தவிர. ஏன் என்று ஓங் லோக்கைக் கேட்டேன். என் பெயரில் எடுத்திருந்த இன்சூரன்ஸில் குண்டுக்கு இடமில்லை, தண்ணீருக்கு உண்டு என்றார். எனக்கு நீச்சல் தெரியாதே என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "அது இன்னும் நல்லது. நீச்சல் தெரிந்தவன் கரைக்கு நீந்திப் போய்விடுவான். தெரியாதவன்தான் படகிலேயே உட்கார்ந்து படம் எடுப்பான்."

தலை வாரிக்கொள்ள நேரம்

வெள்ளத்தில் சிக்கியவர்கள் காமிராவைப் பார்த்ததும் அழுவார்கள் என்று ஓங் லோக் நினைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் தலை வாரிக்கொள்வார்கள். டெல்டா கிராமங்களில் ஒரு ஆளை வாழ்நாளில் ஒரு முறை படமெடுத்தால் பெரிது. அந்த ஒரு படம்தான் அவர் செத்த பிறகு வீட்டில் முன்னோர்களைக் கும்பிடும் மாடத்தில் ஊதுவத்திக்குப் பின்னால் நிற்கும். ஆகையால் காமிரா வந்துவிட்டதென்றால் வெள்ளம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு முறை ஓலைக் கூரையின் உச்சியில் ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். உலகமே முடிந்துபோன மாதிரி ஒரு படம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அவர் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். இடுப்பிலிருந்து சீப்பை எடுத்து வாரினார். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டார். பிறகு, படத்தில் தண்ணீர் தெரியக் கூடாது, வானம் மட்டும் இருக்கட்டும் என்றார். ஐயா, நான் வந்ததே தண்ணீருக்காகத்தான் என்றேன். அவர் சொன்னார்: "தண்ணி வடிஞ்சு போயிடும். நான் செத்த பிறகு மாடத்துல காலம் பூரா நனைஞ்ச ஆளா உக்காந்திருக்க முடியுமா?"

மறுபடியும் ஏறுங்கள்

மீட்பு நடந்து முடிந்த பிறகு அதிகாரிகள் வருவது எல்லா நாட்டிலும் வழக்கம்தான். வந்தவர் ஒரு ஜில்லா அதிகாரி. புது ரப்பர் பூட்ஸ். ஊர்க்காரர்கள் ஒரு அம்மாளை ஏற்கனவே கூரையிலிருந்து இறக்கி மேட்டில் உட்கார வைத்துக் கஞ்சியும் கொடுத்துவிட்டார்கள். அதிகாரி என் காமிராவைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். தான் கை கொடுத்து இறக்குகிற மாதிரி ஒரு படம் இருந்தால் மேலிடத்துக்குப் பிரயோசனமாக இருக்கும் என்று என்னிடம் இல்லை, அந்த அம்மாளிடமே சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாளுக்கு வரவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்கிற நம் பெண்களைப் போல, கால்சட்டையின் அடியை மடித்து விட்டுக்கொண்டு சொன்னார்: "ஏறுறேன். ஆனா இந்தத் தடவை முதல்ல என் அரிசி மூட்டையை இறக்கணும், அப்புறம் பன்னி, அப்புறம்தான் நான்."

எண்ணிப் பார்த்தார்

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு ஒரு முன்னுரை வேண்டும். அந்த நாட்டில் மூன்று பேராக நின்று படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூவரில் நடுவில் இருப்பவருக்கு ஆயுசு குறைந்துவிடும் என்று பயம். கல்யாண வீட்டிலும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி, மூன்று பேர் சேர்ந்துவிட்டால் தெருவில் போகிறவரையாவது இழுத்து வந்து நாலாவதாக நிறுத்துவார்கள். அப்படி இழுக்கப்பட்டு, யாருடைய குடும்பம் என்றே தெரியாத படங்களில் நானும் நின்றிருக்கிறேன்.

ஒரு வருஷ வெள்ளத்தில், ஒரு கூரையின் மேல் ஒரு பெண் தன் சின்ன மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே ஒரு ஊர்ப் படகு. முன்பக்கம் அவர் கணவர் இரண்டு கையையும் நீட்டியபடி. பின்பக்கம் துடுப்போடு படகுக்காரர், ஒல்லியான ஆள், உதட்டில் சிகரெட். அந்தப் பெண் மகளை விடவே மாட்டேன் என்றார். கூரை ஆடிக்கொண்டிருந்தது. கணவர் கத்தினார், கெஞ்சினார். படகுக்காரர் மட்டும் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் பக்கத்துப் படகில் குனிந்து வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்ததால் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நிமிர்ந்தபோது மகள் படகில் இருந்தாள், தாயும் இறங்கியிருந்தார்.

நான் காமிராவைச் சரிசெய்தேன். அந்தப் பெண் கையை உயர்த்தினார். கணவர், மகள், தான் என்று கண்ணாலேயே எண்ணினார். "பொறுங்க, படத்துல மூணு பேரா விழுறோம். நடுவுல எம் பொண்ணு." பின்னால் திரும்பிப் படகுக்காரரைக் காமிராவைப் பார்க்கச் சொன்னார். அவர் மகிழ்ந்து போய்த் தொப்பியைக் கழற்றினார். "இப்ப நாலு. எடுங்க." நான் அமுக்கும் அதே நேரத்தில் அவர்கள் கூரை முறிந்து தண்ணீரில் சரிந்தது. மூன்று பேரும் திரும்பி வீட்டைப் பார்த்தார்கள். படகுக்காரர் மட்டும், பார்க்கச் சொல்லியிருந்தார்களே என்று, காமிராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடியே இருந்தார். கூரை முழுதும் முங்கிய பிறகு என்னிடம் கேட்டார்: "நான் நல்லா விழுந்திருக்கேனா?"

சிவப்பு மெழுகுப் பென்சில்

எங்கள் டார்க் ரூமில் லூர்து அண்ணன் இருந்தார். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் படம் கழுவக் கற்றுக்கொண்டவர். ஓங் லோக்கைப் பிரெஞ்சு வழக்கப்படி 'முசியே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார். பகலெல்லாம் இருட்டில் இருப்பதால் வெளியே வரும்போது எல்லாரையும் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். புதியவர்கள் தங்களை முறைக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நெகட்டிவ் அளவிலேயே சின்னச் சின்னதாகப் பிரதி போட்டு ஒரே தாளில் ஓங் லோக்கின் மேஜையில் வைப்பார். ஓங் லோக் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, வேண்டியதைச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் கட்டம் கட்டுவார்.

படகுப் படத்தின் மேல் அவருடைய பூதக்கண்ணாடி இரண்டு தடவை போய் வந்தது. பிறகு கணவர், மகள், தாய் மூவரையும் சுற்றிக் கட்டம் கட்டினார். படகுக்காரர் கட்டத்துக்கு வெளியே நின்றார். நான் அந்தத் தாய் எண்ணிப் பார்த்ததைச் சொன்னேன். நாலு பேர் என்றுதான் அவர் சம்மதித்தார் என்றேன். "அதெல்லாம் எனக்கும் தெரியும்" என்றார். தெரிந்தும் என்றால் எப்படி என்று கேட்டேன். பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு, பொறுமையாக, மாணவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: "மூன்று முகம் கலங்கி நிற்கிறது. ஒரு முகம் சிகரெட்டோடு சிரிக்கிறது. வாசகர் எதை நம்புவார்?"

அட்டையில் வந்தது, பரிசும் வந்தது

வாசகர் நம்பினார். படம் அட்டையில் வந்தது. பிறகு ஐரோப்பாவில் ஏதோ ஒரு போட்டிக்கு ஓங் லோக் அனுப்பினார். போட்டியில் யுத்தத்துக்கு ஒரு பிரிவு, விளையாட்டுக்கு ஒரு பிரிவு, மீட்புப் பணிக்கு ஒரு பிரிவு. மீட்புப் பிரிவில் எங்கள் படத்துக்கு முதல் பரிசு. தந்தி வந்த அன்று அலுவலகத்தில் ஓங் லோக் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பரிசுப் பட்டயம் வந்ததும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். நடுவில் அவர், இடது பக்கம் லூர்து அண்ணன், வலது பக்கம் நான். கீழேயிருந்து துணிக்கடை முதலாளி வந்து காமிராவைப் பிடித்தார். அமுக்கப் போகும்போது ஓங் லோக் "ஒரு நிமிஷம்" என்றார். எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கும் பா ஹாய் என்ற அம்மாளைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிற்கச் சொன்னார். தட்டை வைத்துவிட்டு வரவும் விடவில்லை. படத்தில் அவர் தட்டோடுதான் நிற்கிறார். படம் எடுத்து முடிந்ததும் நான் சுவரில் மாட்டியிருந்த அட்டைப் படத்தைக் காட்டி, அதில் மூன்று பேர்தானே இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஓங் லோக் சட்டையை நீவிக்கொண்டே சொன்னார்: "அது காகிதம். இது நான்."

மருந்து எதற்கு, படம் எதற்கு

வெள்ளம் வடிந்து பட்டயத்துக்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டாகிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் அந்தத் தாய் மாடிப்படி ஏறி வந்தார். கையில் எங்கள் பத்திரிகையின் அட்டை. எண்ணெய்க் கறை படிந்து, நாலாக மடித்த தழும்போடு இருந்தது. யாரோ அதில் பலகாரம் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தின்ன உட்கார்ந்து பிரித்தால் தன் முகம், கணவர் முகம், நடுவில் மகள்.

அவர் பெயர் சி தாம். 'சி' என்றால் அக்கா, 'தாம்' என்றால் எட்டு. தெற்கே பிள்ளைகளை வீட்டில் இப்படிப் பிறந்த வரிசையை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். கூரை போன பிறகு குடும்பத்தோடு சைகோனை ஒட்டிய தூ டுக்கில் ஒரு உறவினர் கொட்டகையில் ஒதுங்கியிருந்தார்களாம். மகள் பெயர் ஊத். அவளுக்கு அங்கே காய்ச்சல் பிடித்தது. விடவில்லை. டைபாய்டு என்று சொல்லி, சைகோன் ஆஸ்பத்திரி ஒன்றில், வேறொரு குழந்தையோடு ஒரே கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். இதையெல்லாம் சி தாம் அழாமல், சந்தைக்கு வழி சொல்கிற குரலில் சொன்னார். பிறகு அட்டையை விரித்து, "நாலாவது ஆள் எங்க?" என்று கேட்டார்.

படித்தவன் என்கிற திமிரில், காய்ச்சலுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை, அந்த ஆஸ்பத்திரி மருந்து நல்ல மருந்து, வேளாவேளைக்குக் கொடுத்தால் போதும் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். பிறகு சொன்னார்: "மருந்து குடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. அது காய்ச்சலுக்கு. நான் வந்தது படத்துக்கு."

வாசல் பெஞ்சு

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மூன்று பேராக ஊரெல்லாம் போன படம், அதே பத்திரிகையில் நாலு பேராக ஊரெல்லாம் போக வேண்டும். ஓங் லோக் மறுத்துவிட்டார். பரிசு வாங்கிய படத்தை நாமே இன்னொரு விதமாக அச்சிட்டால் பரிசு கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சி தாமும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் மத்தியானம், ஆஸ்பத்திரியில் கணவரை உட்கார வைத்துவிட்டு, மறுபடியும் வந்து எங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். சண்டை போடவில்லை. போகும்போது எங்களுக்குக் கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போனார். சண்டை போடுபவரைப் போலீஸைக் கூப்பிட்டு அனுப்பலாம். கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போகிறவரை என்ன செய்வது? ஓங் லோக் பின்பக்கப் படி வழியாக வர ஆரம்பித்தார்.

லூர்து அண்ணன் பழைய தாளைத் தேடி எடுத்து, சின்னப் பிரதியைச் சி தாமிடம் காட்டினார். நாலு பேரும் அதில் இருந்தார்கள். ஆனால் கட்டத்துக்கு வெளியே தள்ளியதன் அடையாளமாகப் படகுக்காரரின் முகத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. சி தாமின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் பஞ்சில் பெட்ரோலைத் தொட்டு, குழந்தையின் வாயைத் துடைக்கிற மாதிரி அந்த மெழுகைத் துடைத்து எடுத்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. சி தாம் மூச்சு விட்டார். ஆனாலும் நகம் அளவு படம் போதாது, ஊர் பார்க்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு நாளாக மகள் கண்ணைத் திறந்து சரியாகப் பார்க்கவில்லை என்றார். நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

எங்கள் அலுவலகத்திலிருந்து பார்த்தாலே மாரியம்மன் கோயில் கோபுரம் தெரியும். அங்கே வியட்நாமியப் பெண்களும் ஊதுவத்தியோடு வருவார்கள். சி தாம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில் தினமும் அங்கே போயிருக்கிறார். எங்கள் தமிழ் ஆட்களை எல்லாம் சைகோனில் 'அன் பாய்' என்பார்கள், அதாவது ஏழாம் அண்ணன். ஏன் ஏழு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. "அன் பாய், அது உங்க ஊர் அம்மாதானே. நீங்க போய் ஒரு வார்த்தை சொன்னா சீக்கிரம் கேப்பா" என்றார். நான் கத்தோலிக்கன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவன் என்று விளக்கினேன். அவர் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். "அதனால என்ன? அவளோட பாஷை உங்களுக்குத் தெரியுமில்ல."

காயப்போட்ட படம்

போய்ச் சொன்னேன். காரைக்கால் தமிழில்தான் சொன்னேன். இதை என் அம்மாவிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அதே வாரத்தில், பா ஹாய் தேநீர் கொடுக்கும்போது பெஞ்சில் சி தாமோடு பேசிக்கொண்டிருந்தார். பரிசுப் படம் எடுத்தபோது ஓங் லோக் தன்னை எப்படித் தட்டோடு இழுத்து நிறுத்தினார் என்பதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். சி தாம் சிரிக்கவில்லை. டார்க் ரூம் வாசலில் நின்ற லூர்து அண்ணனும் சிரிக்கவில்லை. "அந்தம்மா புள்ளை காகிதம், இவரு மட்டும் ஆளா?" என்று தமிழில் முணுமுணுத்தவர், கதவைச் சாத்திக்கொண்டு சிவப்பு விளக்கைப் போட்டார். அந்த விளக்கு எரிந்தால் ஓங் லோக்கே ஆனாலும் உள்ளே போகக் கூடாது. அது அந்த அறையின் சட்டம்.

மறுநாள் காலை ஓங் லோக் வழக்கம்போல் ஈரப் படங்களைப் பார்க்க டார்க் ரூமுக்குப் போனார். நானும் கூட இருந்தேன். கம்பியில் கிளிப் போட்டு ஒரே ஒரு படம் தொங்கியது. பெரிய அளவில், அருமையான பிரதி. இடது பக்கம் லூர்து அண்ணன், வலது பக்கம் நான், நடுவில் பட்டயத்தோடு ஓங் லோக். பா ஹாய் இல்லை. தட்டின் ஓரம்கூட இல்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓங் லோக் அதைப் பார்த்தபடி நின்றார். கழுத்துப் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரும், என் வேலையும் சேர்ந்து போகும் என்று நினைத்தேன். வந்தது கோபம் இல்லை. "இதை எத்தனை பிரதி போட்டாய்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, கண்ணைச் சுருக்கி, மிகுந்த பணிவோடு சொன்னார்: "நீங்க எத்தனை வேணும்னாலும் கேக்கலாம். இதுவும் காகிதம்தானே, முசியே?"

அவர் சிரித்தது

அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் படம் முழுசாக வந்தது. கணவர், மகள், தாய், பின்னால் படகுக்காரர், சிகரெட், பல் எல்லாம். 'வாசகர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க' என்று ஓங் லோக் ஒரு வரி போட்டிருந்தார். கேட்டுக்கொண்ட வாசகருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லூர்து அண்ணனின் பிரதி கம்பியிலிருந்து காணாமல் போயிருந்தது. ஓங் லோக் திரும்பவும் முன்பக்கப் படி வழியாக வந்தார்.

நான் இதழை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊத் தலையணையில் சாய்ந்து கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். காய்ச்சல் முதல் நாள் சாயங்காலமே இறங்கிவிட்டது என்று நர்ஸ் சொன்னார். மருந்துதான் இறக்கியதா, என் கத்தோலிக்க வேண்டுதலா, அச்சடிக்கும் முன்பே படத்துக்குச் சேதி போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. அவள் கஞ்சி கேட்டாள் என்று சொன்னார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளிச்சத்தை அளக்கிறவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சி தாம் பக்கத்தை மடியில் விரித்து, விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினார். மகளையும் எண்ணச் சொன்னார். நாலாவதில் விரல் வந்ததும் ஊத் முதல்முறையாகச் சிரித்தாள். நான் சமாதானமாக, ஓங் லோக் படகுக்காரரைப் படத்திலிருந்து வெட்டியதற்குக் காரணம் அந்தச் சிரிப்புதான், அவ்வளவு பெரிய ஆபத்தில் ஒரு மனிதர் பல்லைக் காட்டியது பொருத்தமாக இல்லை என்று நினைத்தார் என்றேன். சி தாம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை நாள் பெஞ்சில் உட்கார்ந்தும் இது எனக்குத் தெரியவில்லையே என்கிற ஆச்சரியம் அந்தப் பார்வையில் இருந்தது. "அன் பாய், வீட்டுக்காரர் கத்துனாரு. நான் பயத்துல மரத்துப் போய் நின்னேன். அந்த ஆளு மட்டும், 'போடு அக்கா, தவறி விழுந்தாலும் தண்ணி என் கழுத்துக்குக்கூட இல்ல'ன்னு சிரிச்சாரு. பொய்தான், எனக்கே தெரியும். ஆனா அந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் நான் கையை விட்டேன்."

மீட்புப் பிரிவில் முதல் பரிசு வாங்கிய அந்தப் படம் இன்னும் எங்கோ ஒரு சுவரில் தொங்குகிறது என்கிறார்கள், அதில் மீட்டவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் இருக்கிறார்கள்.